ஜெயசீலன் கூட்டாத வெளிச்சம்

ஜெயசீலன் போயிட்டான். காலைல அவன் தம்பி போன் பண்ணிச் சொன்னாப்ல... ஹார்ட் அட்டாக். நாப்பத்திரெண்டு வயசு.

உங்கள்ல பாதிப் பேருக்கு அவனைத் தெரியாது. அஞ்சு வருசத்துக்கு முன்னால, திருப்பூர்ல ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டு. நான் பிளான் வரைவேன், மீதி நேரம் வாயடிப்பேன். அவன் கம்ப்யூட்டர்ல 3டி. கட்டடம் எழும்பறதுக்கு முன்னாடியே உள்ள லைட் எப்படி விழும்னு படமாக் காட்டுவான்.

தூத்துக்குடிக்காரன். என்னை 'லே'ன்னுதான் கொஞ்சுவான். நான் 'ங்க' போட்டுத்தான் அவனைத் திட்டுவேன்.

ஒரு பனியன் கம்பெனிக்குப் புது செக்கிங் ஹால். தைச்ச பனியன்ல ஓட்டை, கறை இருக்கான்னு பொண்ணுங்க பார்க்கற இடம். ஒரு ஓட்டை தப்பிப் போனாலும் திட்டு அவங்களுக்குத்தான்.

படத்துக்கு ஆம்பியன்ட் எவ்வளவு வைக்கறதுன்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சான். ஆம்பியன்ட்னா எந்த லைட்டுல இருந்தும் வராம, ரூம் பூரா சும்மா பரவி நிக்கற வெளிச்சம். 'தர்ம வெளிச்சம்'னு பேர் வச்சிருந்தான். கூட்டினா மூலை இருட்டெல்லாம் ஓடிப்போயிரும்... படத்துல மட்டும்.

கடைசில என்னை அந்தக் கம்பெனியோட பழைய ஹாலுக்கு இழுத்துட்டுப் போனான். அதே மாதிரி தூண், அதே டியூப்லைட். தூணுக்குப் பின்னால நிக்க வச்சு ஒரு பனியனைக் கொடுத்தான். "ஓட்டையக் கண்டுபிடிலே."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஓட்டையே இல்லீங்க மாப்ள!"

வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தா... சுண்டுவிரல் நகம் சைஸ்.

"படத்துலயும் அந்த இடத்துல கண்ணு தெரியக் கூடாது." ஆபீஸ் வந்து ஆம்பியன்ட்டை நூத்துக்கு அஞ்சுல நிறுத்தினான்.

படம் காட்டற நாள். பதினொரு மணிக்கு பனியன் கம்பெனி முதலாளி வர்றார். ஜெயசீலன் சைட்டுக்குப் போயிருந்தான். நான் ஸ்கிரீன்ல அந்த மூலையைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். இவ்வளவு இருட்டைக் காட்டினா வேலை கைவிட்டுப் போயிருமே!

அவன் கம்ப்யூட்டர்ல அஞ்சை நாப்பதாக்கி, படத்தைப் புதுசா ரெண்டர் பண்ண விட்டு, பழைய படத்து மேலயே சேவ் பண்ணிட்டேன்.

பத்து அம்பதுக்கு வந்தான். ஸ்கிரீனைப் பார்த்தான். "எவம்ல கை வச்சது?"

"கரண்ட் போய் வந்துச்சுங்க..."

கரண்ட் போனா அஞ்சு நாப்பதாகுமாங்க! என் மூளை அன்னைக்கு அவ்வளவுதான் ஓடுச்சு.

அதுக்குள்ள வாசல்ல கார் கதவு சத்தம்.

முதலாளி படத்தைப் பார்த்தார். "ஜம்முன்னு இருக்குதுங்க. இத்தனை வெளிச்சம் வருதுன்னா, அந்த ஓரத்து டியூப்லைட் வரிசை எதுக்குங்க? எடுத்துருங்க."

எங்க ஆர்க்கிடெக்ட் சார் குறிச்சுக்கப் பேனாவைத் திறந்துட்டார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"எடுக்காதீங்கய்யா." ஜெயசீலன். "இந்தப் படம் பொய். நாந்தான் ஆம்பியன்ட்டக் கூட்டி வச்சிட்டேன். நெசத்துல அந்த மூலை இருட்டு."

சார் மூஞ்சி சாயப்பட்டறைத் தண்ணி மாதிரி கலர் மாறுது.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப நெசத்தக் காட்டுங்க. உக்காந்திருக்கறேன்."

ஜெயசீலன் நாப்பதைத் திரும்ப அஞ்சாக்கினான். ஒரு மணி நேரம்... படம் கோடு கோடா இறங்குது. தூணுக்குப் பின்னால இருட்டு வந்து நின்னுச்சு.

முதலாளி அந்த இருட்டு மேல விரலை வச்சார். ரொம்ப நேரம் எடுக்கவேயில்ல. "இங்க ரெண்டு வரிசையாப் போட்டுருங்க."

அவர் கிளம்பினதும் சார் ஜெயசீலனை உரிச்சு எடுத்துட்டார். நான் பக்கத்து சீட்டுல ரொம்ப அக்கறையா ஸ்கேலைத் துடைச்சிட்டு இருந்தேன். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்ல.

சார், நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். அன்னைக்குக் கை வச்சது நானுங்க.

நாளைக்கு அடக்கம். பஸ்ஸுக்குக் கிளம்பறேன் மாப்ள...