எட்டு வயர்களும் செல்வியும்

நெய்வேலி சுரங்கத்தில் எட்டு கன்வேயர்களில் போகும் பழுப்பு நிலக்கரியின் எடையும், எட்டு வயர்கள் மாட்டிய சீரியல் போர்டு என்ற அட்டை வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். நான் ஓய்வு பெற இருந்த வருடம், ஒரு காலையில் அந்தக் கம்ப்யூட்டரின் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். உடனே எட்டு எடையும் திரையிலிருந்து மறைந்தன. முந்தின நாள் அந்த போர்டில் வயர்களை மாட்டியவர் கான்ட்ராக்ட் ஊழியர் செல்வி. எல்லோர் முன்னும் அவரைத் திட்டி, "நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்றேன்.

"வயரு சரியாத்தாங்க இருக்குது சார். எட்டும் ஒண்ணாவா புட்டுக்கும்?" என்றார்.

சுருக்கென்றது. புதுப்பித்ததில் லினக்ஸின் மையமான கெர்னல் மாறியிருந்தது; அது மாறினால் போர்டை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டும், நான்தான் மறந்திருந்தேன். நிறுவியதும் எட்டு எடையும் வந்தன.

அதே ஆட்கள் முன் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"வுடுங்க சார். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்காதீங்க, டீ ஆறுது" என்று சிரித்தார்.

என் தவறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. திட்டுவதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.