நெவிலின் மூக்கு

என் வீட்டுக்காரன் நெவில் பாஸ்கோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக மாட்டான், ஷெட்டுக்குப் போவான். ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரீ என்கிற ஊரில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு தகர ஷெட் உண்டு. மற்றவர்கள் அதில் படகோ ஓடாத காரோ வைத்திருக்கிறார்கள். இவன் அதில் பீர் காய்ச்சுகிறான். உருக்காலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அங்கே கழற்றிய குழாயையும் வால்வையும் இங்கே வந்து பூட்டிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

காய்ச்சுகிற நாளில் நான் ட்ரில் மெஷின் சத்தத்தில்தான் கண் விழிப்பேன். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைக்க அவனிடம் ஒரு சின்ன அரவை மெஷின் இருக்கிறது. அதற்கு அழகாக ஒரு கைப்பிடி இருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ட்ரில்லை மாட்டிவிட்டான். உடைத்த பார்லியை ஒரு பெரிய துணிப்பையில் கொட்டி, கரண்ட் அண்டாவில் வெந்நீரில் ஊறவைப்பான். அந்தப் பை ஒரு காலத்தில் என் படுக்கையறை ஜன்னல் திரை. கேட்காமல் எடுத்துத் தைத்துவிட்டான்; தையல் நேராக இருந்ததால் சும்மா விட்டேன். ஊறியதும் படகுக் கப்பி ஒன்றை உத்தரத்தில் கட்டி, பையை மேலே இழுத்து வடியவிடுவான். அந்த நேரத்தில் ஷெட்டுக்குள் போனால் தலையில் கஞ்சி சொட்டும்.

வடிந்த சாற்றைக் கொதிக்க வைத்து, கசப்புக்கும் வாசனைக்கும் ஹாப்ஸ் பூவைப் போட்டு, சூடு ஆறாமலே பிளாஸ்டிக் கேனில் ஊற்றுவான். கனத்த கையுறை போட்டுக் கேனை அமுக்கி உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியேற்றி மூடியைத் திருகுவான். மறுநாள் வரை அது வேலியோரம் நிழலில் கிடந்து தானே ஆறும். வேறு ஊர்களில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு அரை மணியில் ஆற்றிவிடுவார்களாம். தண்ணீருக்குத் தட்டுப்பாடான இந்த ஊரில் அப்படிக் குழாயைத் திறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஆறின சாற்றில் ஈஸ்ட் போட்டுப் பழைய ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால், பிறகு பத்துப் பதினைந்து நாள் நெவிலுக்கு அதை எட்டிப் பார்ப்பதுதான் வேலை.

மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஊரில் பீர் காய்ச்சுகிறவர்கள் எங்கள் ஷெட்டில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில். காய்ச்சியவர் வாயைத் திறக்கக் கூடாது. நெவில் கிளாஸை மூக்கருகே வைத்து ஒரு இழுப்பு இழுப்பான். பிறகு தீர்ப்பு: "பாட்டிலை வெயில்ல வச்சிட்ட." "கொதிக்கும்போது மூடி போட்டிருந்தியா, இல்லையா? பொய் சொல்லாத." சொன்னால் சொன்னதுதான். உருக்காலையில் இருந்தவரை இவனை யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. இங்கே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கேட்க வந்தார்கள். இவன் காய்ச்சுவதே அதற்காகத்தானோ என்று எனக்குத் தோன்றும்.

போன குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தான். எழுந்த பிறகு ஷெட்டுக்குள் சாமான்கள் பெருகத் தொடங்கின. புளிப்பு பார்க்க ஒரு மீட்டர் வந்தது. ஃப்ரிட்ஜுக்குப் புது தெர்மோஸ்டாட் வந்தது. பீருக்குள் மிதந்துகொண்டே ஃபோனுக்குச் செய்தி அனுப்புகிற ஒரு குப்பியும் வந்தது. "பீருக்கு ஐ.சி.யூ. கட்டுறியா?" என்று கேட்டேன். சிரித்தான். மாதக் கூட்டத்திலும் ஆள் மாறிப்போனான். முன்பு முந்திக்கொண்டு பேசியவன், இப்போது "முதல்ல நீங்க சொல்லுங்கப்பா" என்று மற்றவர்களைப் பேசவிட்டு, "அதேதான் நானும் நினைச்சேன்" என்று முடித்துக்கொண்டான். வயதாகி அடக்கம் வந்துவிட்டது என்று நானும் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் துவைத்த துணியோடு ஷெட் வாசலில் நின்றேன். நெவில் பழைய ஹாப்ஸ் பாக்கெட் ஒன்றைப் பிரித்து, பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினான்.

"ஆஹா! எலுமிச்சைத் தோல் மாதிரி இருக்கு, லொரி."

எனக்கு வாசலிலேயே குமட்டியது. மழையில் ஊறிய சாக்ஸை சீஸோடு சேர்த்துச் சுருட்டி வைத்த நாற்றம்.

"எலுமிச்சையா? நாறுது, நெவ்!"

"ஹாப்ஸ் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"ஹாப்ஸ் தெரியாது. நாத்தம் தெரியும்."

முகம் செத்துப்போயிற்று. பாக்கெட்டைக் குப்பையில் போட்டு, கையை ரொம்ப நேரம் கழுவினான். காய்ச்சலோடு இவன் மூக்கும் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம் மறைத்துவிட்டானே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மூக்கு இல்லை என்று தெரிந்தால் யார் இவனிடம் பாட்டில் கொண்டுவருவார்கள்? அது நின்றுபோனால் இந்த மனுஷன் காலையில் எதற்கு எழுந்திருப்பான்? அவனாகச் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு மழையால் பாதிப் பேர் வரவில்லை. மீன்பிடிப் படகு வைத்திருக்கிற சால் வந்தான், ஸ்கூல் பஸ் ஓட்டுகிற க்ளெனிஸ் வந்தாள். நான் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டித் தட்டோடு உள்ளே போனபோது, க்ளெனிஸ் ஒரே ஒரு பாட்டிலை நெவில் முன்னால் வைத்தாள்.

"இது என் மகள் கல்யாணத்துக்குக் காய்ச்சினது, நெவ். ஒரு டிரம் முழுக்க. அடுத்த சனிக்கிழமை கல்யாணம். ஏதோ சரியில்லன்னு மனசு சொல்லுது, என்னன்னு பிடிபடல."

"ஓசியில கிடைச்சா எது வேணாலும் சரியாத்தான் இருக்கும்," என்றான் சால்.

"நீ சும்மா இரு. நெவ் சொல்லட்டும்."

நெவில் கிளாஸில் ஊற்றினான். சாலைப் பார்த்து, "நீ முதல்ல..." என்று தொடங்கினான்.

"எனக்கு மீன் வாடை தவிர வேற தெரியாது, மச்சான். நீயே சொல்லு."

நெவில் கிளாஸை மூக்கருகே வைத்தான். இழுத்தான். மறுபடியும் இழுத்தான். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்குத் தப்பித்துவிடுவான். க்ளெனிஸ் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் வரல, க்ளென். காய்ச்சலுக்கப்புறம் எந்த வாசனையும் வரல. இத்தனை மாசமா உங்களை எல்லாம் ஏமாத்திட்டிருந்தேன்."

கேலி செய்யாமல் ஒரு நிமிஷம் இருக்கத் தெரியாத சால்கூடத் தரையைப் பார்த்தான். நெவில் கிளாஸை என் பக்கம் நீட்டினான்.

"லொரி, நீ மோந்து பாரு."

"நானா? எனக்கு பீரே ஆகாதே!"

"குடிக்கச் சொல்லல. மோந்து பாத்து என்ன தோணுதோ சொல்லு."

முகர்ந்தேன். "வெண்ணெய். சினிமா தியேட்டர்ல பாப்கார்ன் விக்கிற இடம் மாதிரி."

நெவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வெண்ணெயா? புளிப்பு இல்லையே? நல்லாப் பாரு."

"புளிப்பில்ல. வெண்ணெய்தான்."

"க்ளென், எப்ப குளிர வச்ச?"

"நேத்து."

"அவசரக்குடுக்கை! கல்யாண அவசரத்துல ஈஸ்ட் வேலையை முடிக்கறதுக்குள்ள குளிர வச்சிட்ட. ஈஸ்ட் இன்னும் அடியிலதானே கிடக்கு?"

"ஆமா."

"அப்ப பொழச்ச. இன்னைக்கே ஃப்ரிட்ஜை அணைச்சிடு. கொஞ்சம் சூட்டுல ரெண்டு மூணு நாள் கிடக்கட்டும். அந்த வெண்ணெயை ஈஸ்டே தின்னுடும்."

க்ளெனிஸ் அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பஸ் ஓட்டுகிற வேகத்தில் கிளம்பினாள். சால் தன் பாட்டிலைத் திறந்து, கிளாஸை நேராக என் மூக்குக்குக் கொண்டுவந்தான். "அக்கா, இதுக்கும் சொல்லுங்க." அவன் பாட்டிலில் ஈர அட்டைப்பெட்டி வாசனை அடித்தது. பீரில் காற்றுப் படவிட்டதற்காக நெவில் விட்ட டோஸை இங்கே எழுத முடியாது.

எல்லாரும் போன பிறகு நான் கிளாஸ் கழுவினேன், அவன் துடைத்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"டாக்டர்கிட்ட போன்னு உயிரை எடுத்திருப்ப."

"எடுத்திருப்பேன்தான்."

"போயிட்டு வந்தேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னாரு." துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்தான். "பீர் போனாப் போகுது, லொரி. அதுக்கு மீட்டர் இருக்கு. ராத்திரி விளக்கை அணைச்சா பக்கத்துல யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கு. உன் வாசனை இல்ல. நீதானான்னு கையை நீட்டித் தொட்டுப் பாத்துக்க வேண்டியிருக்கு. முழிச்சிடுவியோன்னு அதுக்கும் பயமா இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"தொட்டுக்கோ," என்றேன். "முழிச்சா முழிச்சிட்டுப் போறேன்."