மிளகாய்த் தண்ணீரும் என் வயிற்றெரிச்சலும்

எந்தச் சரக்கை விற்பதாக இருந்தாலும், வாங்குகிறவர் முதலில் விற்கிறவனைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க வேண்டும்; எங்கள் தொழிலில் அது மட்டும் நடக்கவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் நான் தற்காப்பு ஸ்ப்ரே விற்றேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் புட்டி, தலையில் ஒரு பித்தான், உள்ளே மிளகாய்ச் சாறும் ஏதோ எண்ணெயும். வம்புக்கு வருகிறவன் முகத்தில் அடித்தால் அரை மணி நேரம் கண்ணைத் திறக்க மாட்டான்; உயிருக்கு ஒன்றும் ஆகாது. வெளியூர்க் கம்பெனி ஒன்று தயாரித்து அனுப்பியது. மேலமாசி வீதியில் ஒரு மாடியறைதான் மதுரைக் கிளை. கிளைக்கு மேனேஜர் ஒருவர், சுந்தரம் சார். ஊழியன் ஒருவன், நான். தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லைப் பல ராகத்தில் கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல் கேள்வி

வாடிக்கையாளரிடம் என்ன பேச வேண்டும் என்று கம்பெனியே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. நான் அதை மனப்பாடம் செய்துகொண்டு முதல் நாள் விளாங்குடிக்குப் போனேன். மத்தியான நேரம். ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள், பெண்கள் நிதானமாகக் கேட்பார்கள் என்பது என் கணக்கு. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். நடுத்தர வயது அம்மாள் ஒருவர் கையில் கரண்டியோடு திறந்தார். நான் தாளில் இருந்த முதல் வரியை மரியாதையாகச் சொன்னேன்: “அம்மா, வீட்டில் தனியாக இருக்கிறீர்களா?”

இப்போது யோசித்தால் அந்த வரியை எழுதிய ஆளை நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அந்த அம்மாளின் முகம் மாறியது. இரண்டாவது வரிக்கு நான் வாய் திறப்பதற்குள் கதவு என் மூக்கில் இடித்தது. உள்ளேயிருந்து எழுந்த குரல் தெருக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும்: “ஏ முருகேசா, சீக்கிரம் வாடா! வாசல்ல ஒரு தடிப்பய நின்னுக்கிட்டு நான் தனியா இருக்கேனான்னு கேக்குறான்டா!”

காரம் பத்தாது

பெண்களை விட்டுவிட்டுக் கடைக்காரர்களைப் பிடிக்கலாம் என்று கீழமாசி வீதிக்குப் போனேன். அங்கே ஒரு மிளகாய் வத்தல் மண்டி முதலாளி, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பணப்பெட்டியைப் பாதுகாக்க இதைவிட நல்ல சாதனம் இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மொளகாயா? கொண்டா பாப்பம்” என்று புட்டியை வாங்கி, உள்ளங்கையில் ஒரு அழுத்து அழுத்தி, நான் “ஐயா, ஐயா” என்று கத்துவதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கோடு போட்டு இறங்கியது. முகம் மட்டும் அசையவில்லை. முப்பது வருடம் வத்தலை வாயில் கிள்ளிப் போட்டே தரம் பார்த்தவர். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பாடம் சொல்லும் குரலில் சொன்னார்: “நெறத்துக்கு ஆகுற வத்தலைப் போட்டு ஒன்னைய ஏமாத்திப்புட்டான் தம்பி. சாத்தூர்ப் பக்கத்துச் சம்பா வத்தலைப் போடச் சொல்லு, அப்பறம் வா.”

அதே கேள்வி

ஆறு மாதம் இப்படிப் போன பிறகு, பெண்களுக்கான சரக்கை ஆண் விற்கக் கூடாது என்று சுந்தரம் சாருக்கு ஞானம் பிறந்தது. ராஜேஸ்வரியை வேலைக்கு எடுத்தார். சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது. முதல் நாளே என்னை “அண்ணே” என்று கூப்பிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் கொண்டுவந்த குடையும் பிடிக்கவில்லை. குடை வைத்துக்கொண்டு இந்த வேலை பார்க்கலாம் என்று எனக்கு ஏன் ஆறு மாதமாகத் தோன்றவில்லை என்பதுதான் காரணம்.

மஹாலுக்குப் பின்னாலுள்ள தெரு ஒன்றுக்கு அவளுக்கு வேலை பழக்கக் கூட்டிப் போனேன். அவள் ஒரு கதவைத் தட்டி, தங்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். கதவு அகலத் திறந்தது. உள்ளே பாய் விரித்தார்கள். காபி போனது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இடுப்பில் குழந்தையோடு உள்ளே போனார்கள். நான் இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு வெயிலில் நின்றேன். அவள் வெளியே வரும்போது ஏழு புட்டி போயிருந்தது. நான் மாதத்துக்கு விற்பதே அவ்வளவுதான். அப்படி என்ன மந்திரம் போட்டாய் என்று கேட்டேன். அவள் கபடமில்லாமல் சொன்னாள்: “நம்ம தாள்ல உள்ளதுதான் அண்ணே. வீட்ல தனியா இருக்கீங்களான்னு கேட்டேன். ‘ஆமாம்மா, பேச்சுத் தொணைக்கு ஆளில்ல, உள்ள வா’ன்னாங்க.”

ஒரு வேலை, இரண்டு பேர்

அந்த வருடம் பங்குனியில், சித்திரை மாதம் முடிந்ததும் இரண்டு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவோம், மற்றவர் போகலாம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. யார் அதிகம் விற்கிறாரோ அவர். நான் அப்போது அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயதில் அக்காள் கையால் சோறு வாங்கித் தின்பவனுக்கு ஒவ்வொரு பருக்கையும் எண்ணிப் போட்டதாகவே தெரியும். இந்த வேலை நிலைத்தால் தனியாக ஒரு அறை எடுத்துவிடலாம். நிலைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போய், போகும்போது வழியனுப்பியவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு ராஜேஸ்வரி எதைச் செய்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மழுப்ப மாட்டேன். சாயங்காலம் அவள் காலிப் பையோடு படியேறி வரும் சத்தம் கேட்டாலே என் பையை மேசைக்கடியில் தள்ளிவிடுவேன். இது போதாதென்று மச்சான் ஒருநாள், இரண்டாவது தோசைக்கு நான் கை நீட்டும் நேரம் பார்த்துக் கேட்டார்: “ஒரு பொம்பளப்புள்ள விக்கிறத ஒன்னால விக்க முடியலையா மாப்ள?”

அழகருக்கு அடிக்க

சித்திரைத் திருவிழாவுக்குத் தல்லாகுளத்தில் ஒரு மேசை போட்டோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. செய்முறை காட்டுவதற்குப் பச்சைத் தண்ணீர் நிரப்பிய புட்டி ஒன்று வைத்திருந்தேன். அழகர் வேஷம் கட்டிய ஒருவர் வந்தார். சோழவந்தான் பக்கத்து விவசாயி. வெல்வெட் சட்டை, தலையில் உருமால், தோளில் சாமிமேல் தண்ணீர் பீய்ச்சும் தோல் துருத்தி. நான் தண்ணீர்ப் புட்டியை அழுத்திக் காட்டியதும் அவருக்குக் கண் விரிந்தது. “எம்புட்டுத் தூரம் போகுது, பூ மாதிரி விழுகுது!” என்று அதே இடத்தில் இரண்டு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். ஒரு வாரத்தில் என் முதல் விற்பனை. ராஜேஸ்வரியைப் பார்த்து மீசையைக்கூட முறுக்கினேன். அதற்கப்புறம்தான் அவர் எதற்காக வாங்கினார் என்பது உறைத்தது.

ஜனக்கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, ஒரு தண்ணீர்ப் பந்தலில் பிடித்துவிட்டேன். உள்ளே இருப்பது மிளகாய்ச் சாறு என்றதும் அவர் புட்டிகளைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமி கண்ணுல மொளகாத் தண்ணிய அடிச்சுப்புட்டு நான் எந்த ஊருக்குடா போறது?” என்று ஆரம்பித்து அவர் என்னைத் திட்டியதை எழுத முடியாது. நான் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். ராஜேஸ்வரி சிரிக்கவில்லை, யோசித்தாள். மறுநாள் விடியற்காலையில், செய்முறை காட்டக் கம்பெனி காலியாக அனுப்பி, கிளையில் கிடந்த புதுப் புட்டி நான்கு டஜனை எடுத்து வந்து, பன்னீர் கலந்த தண்ணீரை நிரப்பி வைத்தாள். சாமி ஆற்றில் இறங்குவதற்குள் ஒன்று மிச்சமில்லை. அந்தச் சங்கதியைக் கண்டுபிடித்தது என் வாடிக்கையாளர், திட்டு வாங்கியது நான், விற்றது அவள். சுந்தரம் சார் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “அந்தப் புள்ள வெறும் புட்டியவே வித்துருச்சு பாண்டி. நீ சரக்கோட குடுத்தும் திருப்பி வாங்கிட்டு வாற.”

மூன்று நாள்

கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தது. அவளுக்கு ஏதோ ரகசியம் இருக்கிறது, அதை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று என் மண்டைக்குள் ஒரு குருவி கத்திக்கொண்டே இருந்தது. அவள் அப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண்கள் அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். நான் மச்சானின் சட்டையைப் போட்டு, தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதே டவுன் பஸ்ஸில் பின்வாசலில் ஏறினேன். அவள் இறங்கினால் இறங்குவேன். அவள் ஒரு வீட்டுக்குள் போனால் எதிரே வேப்பமரத்தடியில் நிற்பேன். இரண்டு நாள் பார்த்ததில் தெரிந்த ரகசியம், அவள் போகிறாள், பேசுகிறாள், பை காலியாகிறது என்பது மட்டும்தான். அவள் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

மூன்றாம் நாள், பஸ் நிறுத்தத்திலிருந்து பிரியும் சந்தில் சட்டென்று நின்று திரும்பினாள். முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒரு பார்வை. காற்று அவள் முதுகுப் பக்கம் இருந்தது. எங்களுக்கு நடுவே சரியாக மூன்று முழம். எல்லாம் கம்பெனித் தாளில் இருந்தபடி. அடித்தாள். கறுப்புக் கண்ணாடி ஒன்றுக்கும் உதவவில்லை. நான் இத்தனை மாதமாக ஊரெல்லாம் சொன்னது சத்தியம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தரையில் விழுந்து உருண்டேன். கூட்டம் கூடியது, தர்ம அடி நாலு விழுந்தது. யாரோ துண்டை உருவினார்கள். மோர் விற்ற அம்மாள் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு சொம்பு மோரை முகத்தில் ஊற்றினார். “ஐயையோ, நம்ம பாண்டி அண்ணே!” என்று ராஜேஸ்வரி அலறினாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் அங்கேயே அவள் பையிலிருந்த அத்தனை புட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த நிலையிலும், அதுவும் அவள் கணக்கில்தான் சேரும் என்று எனக்கு எரிந்தது. கூட்டம் கலைந்த பிறகு அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண் திறக்க முடியாததால் அவள் குரலை மட்டும்தான் கேட்டேன்: “எவனோ பின்னாடியே வாரான்னு வீட்ல சொல்லிட்டேன் அண்ணே. ராத்திரி தூக்கமில்ல. இன்னைக்கோட வேலைக்குப் போறத நிறுத்திக்கன்னு அப்பா சொல்லிட்டாரு.”

அவள் அப்பா

மறுநாள் வீங்கிய கண்ணோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, எனக்கு ஸ்டூல் போட்டார். பின்னால் வந்தவன் நான்தான், கெட்ட எண்ணம் எதுவுமில்லை, அவள் நன்றாக விற்கிறாளே என்ற பொறாமைதான், அவளை வேலைக்கு அனுப்புங்கள் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். உள் கதவருகே ராஜேஸ்வரி தன் பையை அணைத்தபடி நின்றாள். நான் சொல்வதில் ஏதாவது ஒரு சொல் அப்பாவை அசைத்துவிடாதா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். காபி கொடுத்தார், நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்தார். பிறகு மகளிடமிருந்து அந்தப் பையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தெரிஞ்சவரு, அண்ணே அண்ணேன்னு கூப்பிடுற ஆளு, நீங்களே மூணு நாளு மூஞ்சிய மூடிக்கிட்டுப் பின்னாடி போயிருக்கீங்க. தெரியாதவன நெனச்சு நான் எப்பிடித் தம்பி பயப்படாம இருக்குறது?”

அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கான உத்தரவு என் பெயருக்கு வந்தது. அவள் போன தெருக்களெல்லாம் எனக்கு வந்தன. மஹாலுக்குப் பின்னாலுள்ள அந்தத் தெருவில் மட்டும் நான் கதவு தட்டவில்லை.

ஊரெல்லாம் சுற்றியும் என்னால் விற்க முடியாத பயத்தை ஒரே ஒரு வீட்டில் இனாமாகக் கொடுத்துத்தான் நான் நிரந்தர ஊழியன் ஆனேன்.