தலை குனிந்த பூ

முல்லைத்தீவில் என் தங்கை வீட்டுக்குப் போய் வந்தபோது ஒரு கறிவேப்பிலைக் கன்றை மணலோடு உரப்பையில் கட்டிக் கொண்டுவந்தேன். அவளுடைய வளவுக்குப் பின்னால் பற்றைக்காடு, அதற்கப்பால் கடல். வெள்ளவத்தையில் நான் மகளோடு இருப்பது நாலாம் மாடி. பல்கனியில் ஒரு சாடியில் நட்டேன். கறிவேப்பிலை பட்டுப்போனது.

மழை தொடங்கியதும் அதே சாடியில் மஞ்சள் செடியின் இலைபோல, மடிப்பு மடிப்பாக இரண்டு இலைகள் வந்தன. மஞ்சளாக்கும் என்று கிள்ளி முகர்ந்து பார்த்தேன். மணமில்லை. பிறகு இலைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தண்டு மண்ணைத் துளைத்து வந்தது. சாண் உயரம் வந்ததும் நுனி வளைந்து நிலத்தைப் பார்த்தது. அந்த நுனியில் கொத்தாகச் சின்னப் பூக்கள், வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடினமாதிரி. முகத்தைப் பார்க்க நான் கீழே குந்த வேண்டியிருந்தது.

மருமகன் போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது காட்டு ஓர்க்கிட் என்று மகளிடம் சொன்னார். கடையில் அத்தனை விலைக்கு வைத்திருக்கிற சாதி, என் உரப்பைக்குள் கிழங்காக ஒளித்து வந்திருக்கிறது.

அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போகமுன் ஒரு ஜக்குத் தண்ணீர் அதற்கு ஊற்றுவார். பூ தலையைத் தொங்கப்போட்டால் வாடிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஈர்க்கு நட்டு நூலால் நிமிர்த்திக் கட்டினார். அது முடிச்சுக்கு மேலே வளைந்தது. இன்னொரு முடிச்சுப் போட்டார். அதற்கும் மேலே வளைந்தது.

நான் இதழைத் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாகத்தான் இருந்தது. மண்ணுக்குள் விரலை விட்டால் சேற்று மணம். இப்படியே போனால் கிழங்கு அழுகிவிடும். அதை அவருக்குச் சொல்வது எப்படி? எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு முன்னால் நின்று கதைப்பதில்லை. இப்போது யாரும் அப்படி இல்லை, எனக்குத்தான் அது விட்டுப்போகவில்லை. பதினாறு வருடமாக ஒரே வீடு. சாப்பாடு போட்டிருக்கிறது என்பதையும் மகளைப் பார்த்துத்தான் சொல்வேன்.

இதற்கிடையில் சாடித் தண்ணீர் கீழ் வீட்டுப் பல்கனியில் சொட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்காரி லிப்டில் வைத்து மகளிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

“காயப்போட்ட உடுப்பெல்லாம் மண் தண்ணியாம், அம்மா. சனிக்கிழமை சாடியைத் தூக்கி எறியப்போறன்.”

தண்ணீரை நிற்பாட்டினால் போதும், அவரிடம் நீ சொல்லு என்றேன்.

“நீங்களே சொல்லுங்கோவன். அவரென்ன கடிக்கவே போறார்?”

வெள்ளிக்கிழமை காலை அவர் ஜக்கோடு வந்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே வந்து, சாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“தம்பி, தண்ணி விடாதேங்கோ.”

“வாடி நிக்குதே, மாமி?”

“வாடேல்லை. தொட்டுப் பாருங்கோ. அது குனிஞ்சு நிக்கிற சாதி.”

அவர் ஜக்கை வைத்துவிட்டு, வேலைக்குப் போகிற காற்சட்டையோடு குந்தி, ஒரு விரலால் பூவைத் தொட்டார். பிறகு நூலை அவிழ்த்தார்.

“அப்ப நான்தான் இவ்வளவு நாளும் இதின்ரை கழுத்தை நெரிச்சிருக்கிறன்.”

குசினிக்குள் மகள் சிரித்தது கேட்டது.

சொட்டு நின்றது. சனிக்கிழமையும் போனது. பூக்கள் கருகி, ஒன்றில் மட்டும் காய் பிடித்தது. நாலாம் மாடிக்கு எந்தப் பூச்சி ஏறி வந்ததோ தெரியாது. ஒருநாள் அவர் பல்கனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் தண்டு ஈர்க்குப்போல நேராக நிற்கிறது. பூவுக்குப் பாரமில்லை, காய்க்குத்தான் பாரம். பாரமில்லாத நாளில் குனிந்தது, பாரம் வந்ததும் ஏன் நிமிர்ந்தது? அவர் போனில் தேடிப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு அது போதவில்லை, இன்னும் யோசிக்கிறேன்.

இப்போது இலையும் காய்ந்துவிட்டது. வெறும் மண். மகள் கறிக்கு வாசத்துக்குப் போடுகிற ரம்பை நடச் சாடியைக் கேட்டாள். அவர் விடவில்லை. காலையில் ஜக்கோடு வந்து என் முகத்தைப் பார்க்கிறார்.

“இண்டைக்கு விடட்டோ, மாமி?”

“வேண்டாம், தம்பி. மழை தொடங்கட்டும்.”