பட்டி பூசிய கார்

காரின் தகரத்தில் பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பப் பூசும் பட்டிக்கு ஒரு மணம் உண்டு, மூக்குக்குள் இனிப்பாகப் போய்க் கண்ணைக் கரிக்க வைக்கும் மணம். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் யாராவது கராஜைத் திறந்து வைத்து வேலை செய்தால் அது சமையலறை வரைக்கும் வரும். முதலில் என் மனம் சிறுபிள்ளை போலத் துள்ளும், அடுத்த கணமே களவெடுத்துத் தின்றவளைப் போலக் குறுகிப் போகும். இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்களைத் தள்ளிப் போட்டுவிட்டேன். நான் அதிகம் படித்தவள் அல்ல; இங்கே பள்ளிக்கூடம் முடிந்ததும் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவள். எழுதினால் அப்பாவைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம், நாங்கள் சந்தோசமாக இருந்ததைச் சொன்னால் அம்மாவின் மனம் நோகுமோ என்று இன்னொரு பயம். போன தவக்காலத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், சொல்லாமல் வைத்திருப்பதும் ஒருவகைப் பொய்தானே என்று பட்டது. ஆண்டவரை முன்வைத்து எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் அப்பா ஒரு டிங்கர். நெளிந்த கார்களைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசித் தேய்ப்பது அவர் வேலை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு டொக்டர் இருந்தார். அவரிடம் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை இல்லாத, சிவப்பு நிறப் பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் அப்பாதான். அப்படி ஒரு காரை எங்கள் ஊரில் வேறு யாரும் வைத்திருக்கவில்லை. தம்பி அன்ரன் நடக்கப் பழகியதே அந்தக் காரின் சில்லைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆமி வீடு வீடாக ஆம்பிளைகளைத் தேடத் தொடங்கிய காலத்தில் அப்பா நாட்டை விட்டு வெளிக்கிட்டார். ஒரு பிள்ளையைத்தான் கூட்டிப் போக முடியும் என்று வந்தபோது என்னைக் கூட்டிப்போனார். நான் வளர்ந்துவரும் பெண்பிள்ளை. தம்பியோ அம்மாவின் இடுப்பில் காய்ச்சலோடு இருந்தான். யாரைக் கேட்டாலும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வார்கள். அந்தச் சரியான முடிவு இன்றைக்கும் என் தொண்டையில் ஒரு மீன்முள்ளாக நிற்கிறது.

டென்மார்க்கில் எங்களுக்கு அனுமதி கிடைத்ததும் அப்பா அம்மாவையும் தம்பியையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். மறுமொழி வரவில்லை. எங்கள் ஆட்களின் குடும்பங்களைப் பற்றிய அந்த விண்ணப்பங்கள் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்பதும், அதனால் ஒரு அரசாங்கமே விழுந்தது என்பதும் பிறகு நடந்த கதை. அதைப் பத்திரிகைகள் 'தமிழர் வழக்கு' என்று எழுதின. எங்கள் வீட்டில் அந்த வருடங்களுக்கு இருந்த பெயர் 'இன்னும் வரேல்லை' என்பதுதான். தபால்பெட்டியைத் திறந்துவிட்டு மேலே ஏறி வரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொக்டர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து அம்மா எங்களுக்கு அழைப்பு எடுத்தா. லைன் இரைந்தது. அப்பாவும் நானும் ஒரே ரிசீவரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றோம். தம்பி கதைத்தான், மூச்சு வாங்க வாங்க.

"அப்பா... டொக்டரின்ர கார்... அப்பா, டொக்டரின்ர காருக்கு..."

"என்ன அப்பு, காருக்கு என்ன?"

அதற்குள் அம்மா ரிசீவரை வாங்கிவிட்டா. "அவன் சும்மா அலட்டுறான், விடுங்கோ. நீங்கள் சாப்பிடுறியளோ? பிள்ளைக்குக் குளிருக்குத் தலைக்குப் போட ஏதும் இருக்கோ?"

ரிசீவரை வைத்த பிறகு அப்பா ஒரு சிரிப்புச் சிரித்தார். இங்கே வந்தபின் அவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. "கேட்டியே பிள்ளை? என்ர பெடி கார் கேக்கிறான். அவனுக்கு டொக்டரின்ர கார்தான் வேணுமாம்!"

அடுத்த கோடையில் பிராண்டேயின் பழைய சாமான் சந்தையில், டேனிஷ்காரர் 'லொப்பமாக்கெட்' என்பார்களே, அதில் ஒரு மேசையின் ஓரத்தில் அந்தக் கார் கிடந்தது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற சின்னக் கார், ஒரு சாண் நீளம் வரும். பெட்டி கிழிந்திருந்தது, முன்கண்ணாடியைக் காணவில்லை. ஆகையால் அந்த மேசைக்குச் சொந்தக்காரர் அதை எனக்குச் சும்மாவே தந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டி முடித்ததும் அப்பா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மட்காட் பிழை," என்றார், சில்லுக்கு மேலே வளைந்து வரும் தகட்டைக் காட்டி.

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த ராசா மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணை, பெட்டியிலயும் உருண்டையாத்தானே கீறியிருக்கு?"

"கீறினவன் காரைத் தொட்டுப் பாத்தவனே? நான் தடவினனான். முன் மட்காட் இப்பிடிப் பந்து மாதிரி இராது. சரிஞ்சு இறங்கும். பின்பக்கமும் இவ்வளவு உப்பாது."

அன்றைக்குத் தொடங்கியது. காற்றாலை இறகு செய்கிற பட்டறையில் அப்பாவுக்கு வேலை. அங்கே எறியப்போகிற மிச்சப் பட்டியை மேலாளரிடம் கேட்டு, ஒரு பழைய ஜாம் போத்தலில் கொண்டுவருவார். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற நிலக்கீழ் அறை ஒன்று இருந்தது, நாங்கள் அதைக் 'கெல்லர்' என்போம், அங்கேதான் வேலை. அவர் மட்காட்டைச் சுரண்டுவார், பட்டியை மெல்லியதாக இழுப்பார். அது காய்ந்ததும் நான் அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்போம். "வடிவாப் பார் பிள்ளை," என்பார். எங்கள் பேச்சில் வடிவு என்றால் அழகு, வடிவாக என்றால் கவனமாக. அந்தக் கெல்லரில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

ராசா மாமா உடுப்புக் கூடையோடு இறங்கி வந்து நின்று பார்ப்பார். "அண்ணை, நீங்கள் கார் செய்யேல்லை, காருக்கு மூக்கு ஒப்பரேசன் செய்யிறியள். பேசாமல் மணமகள் தேவை எண்டு விளம்பரமும் போடுங்கோ!" நாங்கள் சிரிப்போம். அப்பா தும்மித் தும்மிச் சிரிப்பார், மீசையெல்லாம் பட்டித் தூள். ஊரில் அவர் விடிய வேலைக்குப் போய் இருட்டின பிறகு வருகிற ஆள். அப்பா என்று ஒருவரை நான் முழுதாக அறிந்ததே அந்தக் கெல்லரில்தான். ஒரு வடிவம் சரிவந்துவிட்டது என்று நினைக்கும்போது தபால் பெட்டி மறுபடியும் வெறுமையாக இருக்கும், அப்பா மறுபடியும் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பார். சிவப்புப் பெயின்ற் சின்னப் போத்தலில் வாங்கி, மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்து ஒரு நேர்த்தி வைத்தார்: அவையள் வந்து இறங்கிய பிறகுதான் நிறம் பூசுவது. எங்கள் செபம் ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கும் தம்பிக்கும்தான். ஆனால் என் வாழ்க்கையின் மிக இனிமையான மாரிகாலங்கள் அவைதான் என்பதையும் நான் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஒருநாள் அனுமதி வந்தது. கடிதத்தைப் பிரித்த அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விமான நிலையத்துக்குத் தம்பிக்கென்று நாங்கள் கொண்டுபோன குளிர்ச்சட்டை அவன் முழங்கைக்கு மேல் ஏறவில்லை. இடுப்பில் விட்டுவந்த பிள்ளை முன்பல் விழுந்த பெடியனாக வந்து நின்றான். அம்மா என் தலையைத் தடவித் தடவி அழுதா. வீட்டுக்கு வந்து சாப்பாடு முடிந்ததும், அப்பா காரை ஒரு புதுத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தார். சாம்பல் நிறப் பட்டிதான், நிறம் இல்லை. ஆனாலும் அவன் உடனே கண்டுகொண்டான்.

"டொக்டரின்ர கார்," என்றான்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நீதானே போனில கேட்டனி. சரியா இருக்கோ? வடிவாப் பார்."

தம்பி மட்காட்டைப் பார்க்கவில்லை, நாங்கள் இழைத்து இழைத்துச் செய்த சரிவை விரலால் தொடவும் இல்லை. காரைத் தூக்கிக் குப்புறக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நெடுநேரம் பார்த்தான்.

"கீழ பிழை," என்றான்.

"கீழயோ? கீழ ஆரடா பாக்கிறது?"

"நாங்கள் கீழதானே கிடந்தனாங்கள். ஷெல் வரேக்க."

அம்மா கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றவ தண்ணீரை நிறுத்தினா. அப்போதுதான் சொன்னா. பெற்றோல் இல்லாமல் டொக்டர் காரின் சில்லுகளைக் கழற்றி, மரக்குற்றிகளில் ஏற்றிக் கராஜுக்குள் விட்டிருந்தாராம். அந்தக் கராஜுக்குக் கொங்கிறீட் கூரை. ஷெல் குண்டுச் சத்தம் கேட்டால் அம்மா தம்பியை இழுத்துக்கொண்டு அந்தக் காருக்குக் கீழே ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொள்வாவாம். "போனில அதைத்தான் சொல்ல வந்தவன், காருக்குக் கீழ படுத்திருக்கிறம் எண்டு. உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்யப் போறியள் எண்டுதான் நான் போனைப் பறிச்சனான்."

நான் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் மனம் பார்த்தது: ராசா மாமா பகிடி விட்டு நாங்கள் சிரித்த ஞாயிறுகளில் எது எது அவர்கள் கீழே கிடந்த ஞாயிறுகள்?

அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்ன செய்யப்போகிறார் என்று பயந்தேன். அவர் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய், நிலத்தில் மல்லாந்து படுத்தார். "வா அப்பு," என்றார். தம்பியும் போய் அவர் பக்கத்தில் படுத்து, காரை இரண்டு பேரின் முகத்துக்கும் மேலே பிடித்துக்கொண்டான்.

"இதில ஒரு குழாய் போகும். இதால எண்ணெய் சொட்டும், அம்மான்ர தலையில ஒருக்கா விழுந்தது." அம்மா அழுகைக்குள்ளும் சிரித்துவிட்டா. "இதில ஒரு ஓட்டை. தகரம் உக்கினது. அதால வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தால் விடிஞ்சிட்டுது, சத்தமும் நிண்டிடும்."

அப்பா என்னிடம் ஊசி கேட்டார். அதை மெழுகுதிரியில் சூடாக்கி, தம்பி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஓட்டை போட்டார். சிவப்பு நிறத்தைப் பிறகு அவர் பூசவே இல்லை. நேர்த்தியை மறந்தீர்களோ என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. மாதாவுக்குப் பின்னால் போத்தல் காய்ந்து கட்டியாகிப் போனது.

சில வருடங்களுக்கு முன் ஒடென்சேயில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த ஒரு நாளில், அந்த இங்கிலாந்துக் காரை நிசமாகவே கண்டேன். மட்காட் பந்து போல உருண்டையாக இருந்தது. காரின் சொந்தக்காரரிடம், இது மாற்றப்பட்டதா என்று டேனிஷில் கேட்டேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது, பிறந்த நாளிலிருந்து இதே வடிவம்தான் என்றார். எஸ்பியர்க்கில் தம்பியோடு இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "ஓம், டொக்டரின்ர காரின்ர மட்காட் உன்ர அப்பா அங்க வேலைக்குப் போக முந்தியே மாத்தினது. உப்புக்காத்தில கறள்பிடிச்சு உக்கி, ஆரோ பீப்பாத் தகரத்தில புதுசா அடிச்சுப் போட்டது," என்றா. ஆக, பெட்டியில் இருந்த கார்தான் சரி. இத்தனை மாரிகாலம் நாங்கள் சரியாய் இருந்ததை அழித்து அழித்து, யாழ்ப்பாணத்து ஒட்டுவேலையைச் செய்திருக்கிறோம். தம்பிக்குச் சொன்னபோது, "அதுக்கென்னக்கா, நாங்கள் படுத்த கார் அதுதானே," என்றான்.

டொக்டரின் வீடும் அந்தக் காரும் பிறகு நடந்த சண்டையில் போய்விட்டன. நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள், கெல்லர் அதற்குக் கீழே எங்கேயோ மண் நிரம்பிக் கிடக்கிறது. ராசா மாமா கனடாவுக்குப் போய்விட்டார். அப்பாவைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார். நாங்கள் செய்த சின்னக் கார் மட்டும் தம்பி வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, இன்னும் கவிழ்த்தபடிதான் இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கும் காலைகளில் அந்த ஓட்டையால் ஒரு பொட்டு வெளிச்சம் கீழே விழும். அதைப் பார்க்கும்போது நான் இன்னும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

வாசித்தவர்கள் இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். எங்களை நல்லவர்கள் ஆக்கியோ, அவர்கள் பட்ட பாட்டைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். நாங்கள் சிரித்ததையும் அவர்கள் கிடந்ததையும் இருந்தபடியே சொல்லுங்கள். அந்த ஓட்டைக்கு மட்டும் தயவுசெய்து யாரும் பட்டி பூசிவிட வேண்டாம்.