ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ரசாயன ட்ரம் உருட்டும் பழனிவேலுக்கு எல்லாவற்றிலும் அவசரம். சோற்றை ஆறவிட மாட்டார், பஸ் நிற்கிறவரை பொறுக்க மாட்டார். பெரிய மகள் அனுப்பிரியா பத்தாவது பாஸ் பண்ணிய 2004-ல் அந்த அவசரம் அவளுடைய படிப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டாவது முடிக்க இரண்டு வருஷம், அதற்கு மேல் டிகிரிக்கு மூன்று வருஷம். மனுஷன் அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா?

சிதம்பரத்தில் ஸ்டடி சென்டர் வைத்திருந்த அந்தோணிசாமி அவருக்கு ஒரு வழி சொன்னார். பத்தாவது இருந்தால் போதும், அஞ்சல்வழியில் பி.ஏ. சேர்ந்துவிடலாம். பள்ளிக்கூடம் அதுபாட்டுக்கு நடக்கும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மட்டும் சிதம்பரம் வந்தால் போதும்.

"கூடப் படிக்கிற பொண்ணுங்க காலேஜ் வாசல மிதிக்கறப்ப உங்க பொண்ணு கடைசி வருஷம் படிச்சிக்கிட்டு இருக்கும்," என்றார்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சொந்த அக்காள் மகனையே அப்படித்தான் சேர்த்திருந்தார். சேரலாமா என்று பழனிவேல் கேட்டார், சேரலாம் என்று அவர் சொன்னார். செல்லுமா என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

அன்றிலிருந்து அனுவுக்கு இரட்டை வேஷம். வாரநாளில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடையும் யூனிஃபார்மும். ஞாயிற்றுக்கிழமை ஒற்றைப் பின்னல், சுடிதார், சிதம்பரம் பஸ். "என்னாடி, இன்னிக்கி ஸ்கூலா காலேஜா?" என்று எதிர்வீட்டுத் தைலம்மாள் வாயைக் கிண்டுவாள். அனு சிரித்துக்கொண்டே ஓடுவாள். உள்ளுக்குள் பெருமை பிடிபடாது. பஸ்ஸில் பி.ஏ.வுக்குச் சோழர்களைப் படித்தாள், பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியலைப் படித்தாள். எதிலும் ஃபெயில் ஆகவில்லை. இரண்டு படிப்பையும் ஒழுங்காக, உண்மையாகப் படித்தாள். அதை இங்கே அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். பின்னால் ஒருவரும் அதைச் சொல்லப்போவதில்லை.

2007-ல் பட்டம் கைக்கு வந்தது. பழனிவேல் கம்பெனி கேட்டில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். அந்தத் தெருவில் முதல் டிகிரி அது.

பிறகு அரசாங்கப் பரீட்சைகள். எழுதுவாள், ஒன்றிரண்டு மார்க்கில் போகும், மறுபடி எழுதுவாள். கடலூர் நூலகத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருப்பதுபோல் மற்றவர்கள் ஒதுங்கிக் கொடுத்தார்கள். பெண் கேட்டு வந்தவர்களை, "வேலை கெடைக்கட்டும்" என்று அம்மா லோகநாயகி திருப்பி அனுப்பினாள். வீடே அந்த ஒரு வேலையைத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் தங்கை சுவேதா பதினொன்றாவது வந்தாள். அவளை அந்தோணிசாமியிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தது அனுவேதான்.

"ஒண்ண முடிச்சிட்டு இன்னொண்ணு படிக்கறனே அக்கா," என்றாள் சுவேதா.

"சோம்பேறி. நான் படிக்கல?"

சுவேதா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள். அக்கா சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

2012-ல் ஒருவழியாக அனு தேறினாள். டிகிரி கேட்கிற எழுத்தர் வேலை. சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பன்னெண்டாவது படிக்கும்போதே டிகிரியும் படிச்சிருக்கீங்க. ஒரே சமயத்துல ரெண்டு படிச்சா ஏத்துக்க மாட்டாங்கம்மா."

"ரெண்டுலயும் பாஸ் மேடம்."

"அது சரிம்மா. ரூல்ஸ் அப்படி."

அனுவுக்கு ஒரு யோசனை வந்தது. "அப்ப பன்னெண்டாவத விட்டுடறேன் மேடம். டிகிரிய மட்டும் பாருங்க."

"பன்னெண்டாவது இல்லாத டிகிரி செல்லாதும்மா."

எட்டு வருஷம் அந்த ஒரு வரியில் போய்விட்டது. படிக்காமல் ஊர் சுற்றியிருந்தால்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது. ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைப் படித்திருந்தால் இப்போது வேலை கையில் இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தவளுக்குத்தான் ஒன்றும் இல்லை. அநியாயம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பின்னால் வரிசை நின்றது. அவள் எழுந்து வழிவிட்டாள்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தபோது பழனிவேல் வாசலிலேயே நின்றார். "எந்த ஊர்ல போடுவாங்களாம்?"

"தெரியலப்பா. லெட்டர் வருமாம்."

பொய்தான். வேறு என்ன சொல்வாள்? அவர் ஏற்கெனவே கம்பெனி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

தங்கையிடம் மறைக்க முடியவில்லை. மறுநாள் காலை சுவேதாவுக்குச் சிதம்பரத்தில் கடைசி வருஷத்தின் கடைசிப் பேப்பர். அன்று ராத்திரி கொல்லைக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அனு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுவேதா குடம் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னுதும் அப்படித்தானா?"

"ஆமா. நான்தான்டி உன்ன இழுத்துக்கிட்டுப் போயி தள்ளுனேன். நாளைக்கிப் போவாத. புதுசா ஏதாவது காலேஜ்ல சேந்துக்கலாம்."

"மறுபடியும் மூணு வருஷமா? அப்பாகிட்ட யாரு சொல்றது?" சுவேதா குழாயை மூடினாள். "எழுதாம வந்தா ஏன்னு கேப்பாரு. எழுதிட்டு வந்தா ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான் போறேன்."

காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். லோகநாயகி சின்னவளுக்குத் திருநீறு பூசி அனுப்பினாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அப்புறம் சுவேதா புத்தகத்தைப் பிரித்துவைத்துப் படிக்க ஆரம்பித்தாள். இனி எதற்குப் படிக்கிறாள்? அனு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரீட்சை ஹாலுக்கு வெளியே மதில் ஓரமாக அனு காத்திருந்தாள். உள்ளே எழுதியவர்களில் பலர் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முகமே சொன்னது. வெளியே நின்ற அப்பாக்களும் அம்மாக்களும், என் பிள்ளை பன்னிரண்டாவது, என் பிள்ளை பதினொன்று என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். இது செல்லாது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எழுந்தாள். ஒருவர் திரும்பி, "உன் தங்கச்சியாம்மா உள்ள எழுதுது?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதற்கு மேல் எந்த முகத்தோடு சொல்வது? திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

மணி அடித்ததும் சுவேதா வெளியே வந்தாள். விரலெல்லாம் மை. பழக்கதோஷத்தில் அனு கேட்டுவிட்டாள்.

"எப்படிடி எழுதின?"

"ஈசியா இருந்துச்சிக்கா," என்றாள் சுவேதா. "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான். ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்துடும்."