வாயில் நுழையாத பெயர்கள்

அந்த ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில், மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு பதிந்து, மைக்கில் பெயர் கூப்பிடுவது அவளுடைய வேலை. டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் மைக் அக்கா. துறைமுகத்தை ஒட்டிய நகரம். பிழைப்பு தேடிப் பல நாட்டு ஜனங்கள் வந்து சேர்ந்த இடம். பெஞ்சில் ஐந்து பேர் இருந்தால் ஆறு பாஷை கேட்கும். சேர்ந்த புதிதில் வாயில் நுழையாத பெயர் வந்தால், பாதியைக் கடித்து மீதியை விழுங்கி, யாராவது எழுந்து வந்தால் சரி என்று விட்டுவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை அது வினையாக முடிந்தது.

காலை எட்டு மணிக்கு ஒரு தாய் கைக்குழந்தைக்குச் சீட்டு பதிந்தாள். மைக் அக்கா மூன்று தரம் கூப்பிட்டாள், யாரும் எழவில்லை. ஆள் போய்விட்டார் போலிருக்கிறது என்று சீட்டை அடியில் தள்ளினாள். அந்தத் தாயோ ஜன்னலுக்கு நேரெதிரே, இவள் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு கண்டது. அலறல் கேட்டதும் மைக் அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி, குழந்தையை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டது.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். அந்த பாஷை தெரிந்த மருந்தாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போனாள்.

"மன்னிச்சிடும்மா. நான் மூணு தடவை கூப்பிட்டேன். ஏன் எழுந்து வரல?"

தாய் சொன்னதை மருந்தாளர் தமிழில் சொன்னார்: "நீங்க கூப்பிட்டது அவங்க மாமனார் பேராம். அவங்க ஊர்ல தாத்தா பேரை முதல்ல எழுதுவாங்களாம், அடுத்து அப்பா, கடைசியாத்தான் குழந்தை. அவர் செத்து நாலு வருஷம் ஆச்சாம். 'மனுஷன் இங்கயும் வந்துட்டாரா'ன்னு பயந்துட்டேன்ங்கறாங்க."

அழ வந்தவளுக்குச் சிரிப்பு முட்டியது. அந்தத் தாயும் சிரித்துவிட்டாள். குழந்தையின் பெயருக்கு 'மழையோடு வந்தவள்' என்று அர்த்தமாம். மூன்று வருஷம் காய்ந்து கிடந்த மண்ணில் மழை கொட்டிய அன்று பிறந்தவள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கவேண்டும் என்று தாய் வாயைத் திறந்து காட்டிக்கொடுத்தாள். பதினோராவது முயற்சியில்தான் பெயர் நேராக வந்தது.

புறப்படும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு தாய் ஏதோ சொன்னாள். "முதல்ல ஓடி வந்தது நீங்கதானாம். அது போதுமாம்" என்றார் மருந்தாளர். பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை மைக் அக்காவின் கண் காயவில்லை.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினாள். சீட்டு பதியும்போது, "வீட்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்துபோகும். பிறந்த கிழமையையே பெயராகக் கொண்டவர்கள் வந்தார்கள். கோட்டு போட்ட பெரிய இன்ஜினியர் ஒருவர், தன் பெயருக்குக் 'குப்பை' என்று அர்த்தம் என்றார். அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை.

"வெளியில சொல்லச் சங்கடமா இருக்காதா சார்?"

"எதுக்கும்மா சங்கடம்? எங்கம்மா சாவுகிட்டயே பொய் சொல்லி வாங்கின உசிரு இது."

அந்த வரியை அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

இன்னொரு தேசத்தாருக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் கிடையாது. கம்ப்யூட்டரோ அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நகராது. முன்பிருந்தவர் அதில் 'இல்லை' என்று அடித்து வைத்திருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அப்படி 'இல்லை' குடும்பத்தார் நாற்பது பேர் இருந்தார்கள்!

மேற்பார்வையாளருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "இது ஆஸ்பத்திரியா, இல்ல பேர் ஆராய்ச்சி பண்ற இடமா? வரிசை வாசல் வரைக்கும் நிக்குது" என்று சிடுசிடுப்பார். வீட்டுக்காரர் வேறு கிண்டல் பண்ணினார்: "ஊர் பேரெல்லாம் தேனா உச்சரிக்கிற. என்னை மட்டும் இருபது வருஷமா 'ஏங்க'தானா?"

ஒருநாள், ஒரு கிடங்கின் காவலாளிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. முடிந்து வெகுநேரமாகியும் அவர் கண் திறக்கவில்லை. நர்ஸ் அடையாள அட்டைப் பெயரைச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கூப்பிட்டுப் பார்த்தாள். அசைவில்லை. விஷயம் காதில் விழுந்ததும் மைக் அக்கா நோட்டைப் புரட்டினாள். அட்டையில் இருந்தது, வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் அவசரத்தில் எழுதிக்கொடுத்த பெயர். அவர் அம்மா வைத்த பெயருக்கு 'இரண்டாமவன்' என்று அர்த்தம்.

டாக்டரிடம் அனுமதி கேட்டு உள்ளே போய், காவலாளியின் காதருகே குனிந்தாள். சீட்டு பதியும்போது அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டாள். இரண்டாம் தரம் இமை துடித்தது. மூன்றாம் தரம் உதடு முணுமுணுத்தது.

"என்ன சொல்றார்?" என்றாள் நர்ஸ்.

உடன் வந்திருந்த மருந்தாளருக்கு அந்த பாஷையும் தெரியும்; குனிந்து கேட்டார். "'இதோ வந்துட்டேம்மா'ங்கறார்."

மேற்பார்வையாளர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் புதிய பதிவுத்தாள் அச்சாகி வந்தது. 'எப்படிக் கூப்பிட வேண்டும்?' என்று அதில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. "கட்டம் சின்னதா போச்சு. அடுத்த அச்சுல பெருசாக்கிடலாம்" என்றார் அவர், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

போன வருஷம் மைக் அக்கா ஓய்வு பெற்றாள். வழியனுப்பு விழாவில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். பேசச் சொன்னபோது மைக்கை வாங்கி, ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"நான் பெருசா ஒண்ணும் செஞ்சிடல. உடம்பு முடியாம வந்து நின்னவங்க, முன்னபின்ன தெரியாத என்கிட்ட அவங்க அம்மா கூப்பிடுற பேரைச் சொன்னாங்க. அவ்வளவு நம்பினாங்க. அவங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."

சொல்லிவிட்டு, கேக்கில் ஒரு துண்டு எடுத்து, விழாவுக்கு வந்திருந்த வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் இருவரையும் பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டுப் போனார்.